நியூட்ரினோ வந்த திசையில் காமா கதிரைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் துருவப் பனிக்குள் புதைந்திருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகம், மின்னேற்றமற்றதும் எதனோடும் அரிதாகவே மோதுவதுமான நுண்துகளாகிய நியூட்ரினோ ஒன்றைப் பதிவு செய்ததும், உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகள் அது வந்த திசையை நோக்கித் திரும்புகின்றன. அவை அங்கே தேடுபவற்றுள் முதன்மையானது, ஒளியின் மிக உயர் ஆற்றல் வடிவமான காமா கதிர். இந்தத் தேடல் ஏன் நடக்கிறது, இதுவரை என்ன கிடைத்திருக்கிறது, கிடைக்காமல் போனவை எதைச் சொல்கின்றன என்பவை பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

உயர் ஆற்றல் காஸ்மிக் நியூட்ரினோ என்பது எது? சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவும் அதுவும் ஒன்றா?

துகள் ஒன்றே, ஆற்றல்தான் வேறு. துகள்களின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். சூரியனின் மையத்தில் நிகழும் அணுக்கருப் பிணைவில் பிறந்து, நம் உடலை நொடிதோறும் பல லட்சம் கோடி எண்ணிக்கையில் கடந்து செல்லும் நியூட்ரினோக்களில் பெரும்பாலானவற்றின் ஆற்றல் சில லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் அளவே. இங்கே நாம் பேசுபவை டெரா எலெக்ட்ரான் வோல்ட் முதல் பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றல் கொண்டவை. ஒரு டெரா என்பது ஒரு லட்சம் கோடி. அதன் ஆயிரம் மடங்கு ஒரு பீட்டா. ஜெனீவா அருகே நிலத்தடியில் இயங்கும் பெரும் ஹாட்ரான் மோதுகருவி ஒரு புரோட்டானுக்கு ஏற்றிவிடும் ஆற்றல் 7 டெராவுக்கும் சற்றுக் குறைவு என்பதோடு ஒப்பிட்டால், இந்த நியூட்ரினோக்களைப் பிறப்பிக்கும் இடங்கள் எத்தகையவை என்பது ஓரளவு விளங்கும்.

இத்தகைய நியூட்ரினோக்கள் சூரிய மண்டலத்துக்கு அப்பாலிருந்து வருகின்றன என்பதற்கான உறுதியான சான்றை ஐஸ்கியூப் குழு 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. இரண்டு ஆண்டுத் தரவுகளில் 28 நிகழ்வுகள் இருந்தன. அவற்றுள் இரண்டு ஒரு பீட்டாவைத் தாண்டியவை. அவை வானத்தின் எந்த ஒரு புள்ளியிலும் குவியாமல் பரவலாக வந்திருந்தன. அனுப்பியது எது என்ற கேள்வி அன்று தொடங்கியதுதான்.

நியூட்ரினோ வந்தால் கூடவே காமா கதிரும் வர வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறார்கள்?

இரண்டும் ஒரே மோதலில் பிறக்கும் உடன்பிறப்புகள் என்பதால். எங்கோ ஒரு கருந்துளையின் அருகிலோ, வெடித்த விண்மீனின் அதிர்வலையிலோ பேராற்றல் பெற்ற ஒரு புரோட்டான், வழியில் உள்ள வாயுவையோ அடர்ந்த ஒளியையோ மோதுகிறது என்று கொள்வோம். அந்த மோதலில் பயான் எனப்படும் குறுகிய ஆயுள் கொண்ட துகள்கள் உண்டாகின்றன. மின்னேற்றமுள்ள பயான், எலெக்ட்ரானின் கனமான உறவினரான மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைகிறது. அந்த மியூவான் சிதைந்து மேலும் இரண்டு நியூட்ரினோக்களைத் தருகிறது. மின்னேற்றமற்ற பயானோ நேரடியாக இரண்டு காமா ஒளித்துகள்களாகச் சிதைகிறது. மோதும் புரோட்டானின் ஆற்றலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு ஒவ்வொரு நியூட்ரினோவுக்கும், பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு காமா கதிருக்கும் போய்ச் சேரும். ஆகவே, நியூட்ரினோக்கள் இவ்வளவு எனத் தெரிந்தால், அவற்றோடு பிறந்த காமா கதிர்கள் எவ்வளவு என்று தாளில் கணக்கிட்டுவிடலாம். பிறந்தவை அனைத்தும் நம்மிடம் வந்து சேருமா என்பது தனிக் கேள்வி. கீழே அதற்கு வருவோம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காமா கதிர் தெரிகிற இடமெல்லாம் நியூட்ரினோ பிறக்கும் இடமல்ல. வேகமெடுத்த எலெக்ட்ரான்கள் சாதாரண ஒளியை மோதி, அதைக் காமா கதிராக உயர்த்திவிட முடியும். அங்கே நியூட்ரினோ உண்டாவதில்லை. புரோட்டான்கள் அங்கே முடுக்கப்படுகின்றன என்பதற்கு ஐயத்துக்கு இடமற்ற அடையாளம் நியூட்ரினோ மட்டுமே. 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டுபிடித்த காஸ்மிக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற நூற்றாண்டுப் புதிருக்கு நியூட்ரினோவை நம்பியிருப்பது இதனால்தான். காஸ்மிக் கதிர்கள் மின்னேற்றம் கொண்டவை. காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து திசையை இழந்துவிடுகின்றன. நியூட்ரினோ நேர்கோட்டில் வருகிறது.

நேர்கோட்டில் வருமானால், அதன் திசையைப் பின்னோக்கி நீட்டினாலே மூலம் தெரிந்துவிடாதா?

கோடு மெல்லியதாக இருந்தால் தெரிந்துவிடும். நமக்குக் கிடைப்பது தடித்த கோடு. ஐஸ்கியூபில் 1,450 மீட்டர் முதல் 2,450 மீட்டர் வரையிலான ஆழத்தில், ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள், 86 வடங்களில் 5,160 ஒளியுணர்விகள் தொங்குகின்றன. நியூட்ரினோ பனியில் மோதும்போது பிறக்கும் துகள்கள் விடும் நீலநிறச் செரன்கோவ் ஒளியை அவை பதிவு செய்கின்றன. அந்த மோதலில் மியூவான் ஒன்று பிறந்தால் அது கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும். அந்தத் தடத்தின் திசையை ஒரு பாகைக்கும் குறைவான பிழையுடன் கணிக்கலாம். மற்ற வகை மோதல்களில் ஒளி ஒரு பந்து போலச் சிதறுவதால், திசைப் பிழை பத்துப் பாகையையும் தாண்டக்கூடும்.

ஒரு பாகை என்பது முழுநிலவின் அகலத்தைப்போல் இரு மடங்கு. அவ்வளவு சிறிய வட்டத்துக்குள்ளேயே எண்ணற்ற உடுத்திரள்கள் (கேலக்ஸிகள்) அடங்கிவிடும். அவற்றுள் எது என்று சுட்ட, வேறொரு அடையாளம் தேவை. அந்த வட்டத்துக்குள், அதே காலத்தில், வழக்கத்துக்கு மாறாகக் காமா கதிர் பெருகிய பொருள் ஏதேனும் உண்டா என்று பார்ப்பதே தேடலின் அடிப்படை முறை.

பதிவாகும் நியூட்ரினோ தொலைதூரத்திலிருந்து வந்தது என்பது எப்படித் தெரியும்?

தனி ஒன்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. வாய்ப்பை மட்டுமே சொல்ல முடியும். நமது வளிமண்டலத்தைக் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் தாக்குவதால் மேலிருந்து நொடிக்குச் சுமார் மூவாயிரம் மியூவான்கள் ஐஸ்கியூபைக் கடக்கின்றன. பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருவது மியூவானாக இருக்க முடியாது என்பதால், அந்தத் திசை நிகழ்வுகளை எடுத்துக்கொண்டால் இந்த இரைச்சல் அடங்கும். ஆனாலும் வளிமண்டலத்திலேயே பிறந்த நியூட்ரினோக்கள் சில நிமிடங்களுக்கு ஒன்று வீதம் வந்துகொண்டே இருக்கும். ஆற்றல் கூடக்கூட அவை விரைவாக அருகிவிடுவதால், நூறு டெராவுக்கு மேற்பட்ட நிகழ்வுகள் தொலைவிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு உயர்கிறது. 2019 முதல் ஐஸ்கியூப் தன் எச்சரிக்கைகளைத் தங்கம், வெண்கலம் என இரண்டு தரமாகப் பிரிக்கிறது. தங்கத் தர நிகழ்வுகள் சராசரியாக 50 விழுக்காடும், வெண்கலத் தர நிகழ்வுகள் 30 விழுக்காடும் உண்மையான விண்வெளி நியூட்ரினோவாக இருக்கும் வாய்ப்புள்ளவை. தங்கம் என்ற பெயரைக் கேட்டதும் உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. அதில் பாதி உள்ளூர்ச் சரக்காக இருக்கலாம்.

2017ஆம் ஆண்டு நிகழ்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்களே, அன்று என்ன நடந்தது?

2017 செப்டம்பர் 22 அன்று, சுமார் 290 டெரா ஆற்றல் கொண்டதாக மதிப்பிடப்பட்ட ஒரு நியூட்ரினோ, தென் துருவத்தின் அடிவானத்துக்குச் சுமார் ஆறு பாகை கீழிருந்து ஐஸ்கியூபுக்குள் மியூவான் தடமாக நுழைந்தது. 43 நொடிகளில் தானியங்கி எச்சரிக்கை வெளியானது. சில மணி நேரத்தில் திருத்தப்பட்ட திசையும் அனுப்பப்பட்டது. அந்தத் திசை ஓரியன் விண்மீன் தொகுதிக்குள் ஏறக்குறைய ஒரு சதுரப் பாகைப் பரப்பைச் சுட்டியது.

2008 முதல் பூமியைச் சுற்றிவரும் ஃபெர்மி செயற்கைக்கோளின் காமா தொலைநோக்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் பார்த்து முடித்துவிடுகிறது. எச்சரிக்கை வந்த பிறகு திரும்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை. அன்றும் அதற்கு முந்தைய மாதங்களிலும் அந்த இடம் எப்படி இருந்தது என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். செப்டம்பர் 28 அன்று ஃபெர்மி குழுவினர் அறிவித்தனர்: நியூட்ரினோ சுட்டிய இடத்திலிருந்து 0.1 பாகை தொலைவிலேயே டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசார் இருக்கிறது. அது அப்போது, நீண்டகாலச் சராசரியைப்போல் ஆறு மடங்கு அளவுக்குக் காமா கதிரில் கொதித்துக்கொண்டிருக்கிறது. பிளேசார் என்பது, மையத்திலுள்ள மாபெரும் கருந்துளையிலிருந்து பீறிடும் துகள் தாரையை ஏறக்குறைய நேராக நம்மை நோக்கிக் காட்டும் உடுத்திரள்.

அடுத்து, கனரித் தீவுகளில் லா பால்மா மலையுச்சியில் 17 மீட்டர் ஆடிகள் இரண்டைக் கொண்டு இயங்கும் மேஜிக் தொலைநோக்கி அந்தப் பிளேசாரைத் தொடர்ந்து பல இரவுகள் நோக்கியது. முதல் இரவில் எதுவும் தென்படவில்லை. பிறகு 100 கிகா (ஒரு கிகா என்பது நூறு கோடி) எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா கதிர்கள் தெளிவாகக் கிடைத்தன. அந்தப் பொருளிலிருந்து அவ்வளவு உயர்ந்த ஆற்றலில் கதிர் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதன் தொலைவுகூட அப்போது தெரிந்திருக்கவில்லை. அதே தீவிலுள்ள 10.4 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கியின் நிறமாலையைக் கொண்டு, தொலைவைக் காட்டும் அளவான அதன் சிவப்புப்பெயர்ச்சி 0.3365 என்று 2018இல் கணித்தனர். சுமார் 400 கோடி ஒளியாண்டு எனலாம். ஓர் ஒற்றைத் துகளின் தடத்தை வைத்து, பனி, விண்வெளி, மலையுச்சி ஆகிய மூன்றிலும் இருந்த கருவிகள் இரண்டு வாரங்களுக்குள் ஒரே பொருளைப் பேசத் தொடங்கின என்பதை எண்ணும்போது இப்போதும் மனம் நெகிழ்கிறது.

அப்படியானால் மூலம் நிரூபிக்கப்பட்டுவிட்டதா?

இல்லை. அந்தத் தற்செயல் ஒற்றுமையின் வலிமை, முறையான திருத்தங்களுக்குப் பிறகு, சுமார் 3 சிக்மா. காரணமேயின்றி, வெறும் வாய்ப்பால் அப்படியொன்று அமைந்துவிடக்கூடிய நிகழ்தகவு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்று பொருள். இயற்பியலர் கண்டுபிடிப்பு என்று கூறக் கேட்பது 5 சிக்மா. அதாவது சுமார் 35 லட்சத்தில் ஒன்று.

"முறையான திருத்தங்கள்" என்ற சொற்றொடரை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. இந்தத் துறையின் நேர்மை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நியூட்ரினோவை மட்டும் பார்த்து, அது ஒரு பிளேசாரோடு பொருந்தியிருந்தால் வியப்படையலாம். ஆனால் அதற்கு முன் ஒன்பது எச்சரிக்கைகள் பொதுவில் வெளியாகியிருந்தன. அவற்றில் இப்படிப் பொருந்தவில்லை. பழைய தரவுகளில், எச்சரிக்கை முறை அன்றே இருந்திருந்தால் அனுப்பப்பட்டிருக்கக்கூடிய 41 நிகழ்வுகளும் இருந்தன. ஐம்பது முறை காசைச் சுண்டிவிட்டு, விரும்பியபடி விழுந்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டக் கூடாது அல்லவா? அந்த 51 வாய்ப்புகளையும், வானில் உள்ள ஆயிரக்கணக்கான காமா மூலங்களையும், பிளேசார்கள் அடிக்கடி கொதித்தெழும் இயல்பையும் கணக்கில் சேர்த்த பிறகு எஞ்சியதுதான் அந்த 3 சிக்மா. செய்தித்தாள்கள் "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எழுதியபோதும் ஆய்வுக் கட்டுரைகள் "சான்று" என்ற சொல்லோடு நின்றன.

அதே பிளேசாரிலிருந்து முன்பும் நியூட்ரினோக்கள் வந்தனவாமே?

ஆம். இந்த விவகாரத்தில் மிகச் சுவையான பகுதியும் மிகச் சங்கடமான பகுதியும் அதுவே. 2017 நிகழ்வுக்குப் பிறகு ஐஸ்கியூப் குழுவினர் அந்தத் திசையில் தங்களுடைய ஒன்பதரை ஆண்டுத் தரவுகளைத் திருப்பிப் பார்த்தபோது, 2014 இறுதிக்கும் 2015 தொடக்கத்துக்கும் இடைப்பட்ட சில மாதங்களில், எதிர்பார்க்கப்படும் பின்னணியைவிடச் சுமார் 13 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்ததைக் கண்டனர். அதன் வலிமை 3.5 சிக்மா. ஆனால் அந்த மாதங்களில் ஃபெர்மியின் பதிவேட்டில் அந்தப் பிளேசார் அமைதியாகவே இருந்தது. காமா கொதிப்பும் நியூட்ரினோவும் சேர்ந்து வரும் என்ற கருத்தை ஊட்டிய பொருளே, நியூட்ரினோ மிகுந்த காலத்தில் காமாவை மறைத்துவிட்டது.

2019 ஜூலை 30 அன்றும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. சுமார் 300 டெரா ஆற்றல் கொண்ட நியூட்ரினோ ஒன்று பி.கே.எஸ். 1502+106 என்ற பிரகாசமான பிளேசாரின் திசையிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் அதன் ரேடியோ ஒளி உயர்ந்திருந்தது, காமா ஒளியோ தாழ்ந்திருந்தது.

பிறந்த காமா கதிர் எங்கே போகிறது?

இரண்டு இடங்களில் அது தொலைந்துபோகலாம்.

முதலாவது, வழியில். உயர் ஆற்றல் காமா ஒளித்துகள், எதிரே வரும் குறைந்த ஆற்றல் ஒளித்துகளை மோதினால் எலெக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறிவிடும். ஒரு பீட்டா அளவிலான காமா கதிருக்கு, பெருவெடிப்பின் எச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணியே சுவராக அமைகிறது. சுமார் முப்பதாயிரம் ஒளியாண்டுகளில், அதாவது பால்வெளியின் மையம் நம்மிடமிருந்து இருக்கும் தொலைவை ஒத்த பயணத்திலேயே அது அழிந்துவிடும். டெரா அளவிலானவற்றை விண்மீன்களும் தூசும் வெளியிட்ட அகச்சிவப்பு ஒளி விழுங்குகிறது. ஆகவே, பீட்டா நியூட்ரினோவின் நேரடி உடன்பிறப்பான காமா கதிரைத் தொலைதூர உடுத்திரளிலிருந்து நாம் ஒருநாளும் காணப்போவதில்லை. அந்த ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. பல படிகளில் இறங்கிக் கிகா அளவிலான காமா கதிராக வந்து சேரும். ஃபெர்மியால் தேட முடிவது அதையே.

இரண்டாவது, பிறந்த இடத்திலேயே. என் கருத்தில் இந்த விடைதான் கடந்த சில ஆண்டுகளில் துறையின் போக்கை மாற்றியது. 2022 நவம்பரில் ஐஸ்கியூப் குழு என்.ஜி.சி. 1068 என்ற உடுத்திரளைப் பற்றி வெளியிட்ட முடிவைப் பாருங்கள். திமிங்கிலத் தொகுதியில் சுமார் 4.7 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதிலிருந்து, 2011 முதல் 2020 வரையிலான தரவுகளில், 79 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருப்பதாகக் கணித்தனர். முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருந்த 110 மூலங்களைச் சோதித்ததற்கான திருத்தத்துக்குப் பிறகும் அதன் வலிமை 4.2 சிக்மா. டி.எக்ஸ்.எஸ். 0506+056ஐவிட வலுவான சான்று அது. ஆனால் மேஜிக் தொலைநோக்கி அந்த உடுத்திரளை 125 மணி நேரம் நோக்கியும் டெரா அளவில் காமா கதிர் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டிய அளவைவிட மிகமிகக் கீழே எல்லை விதிக்க மட்டுமே முடிந்தது.

அந்த உடுத்திரளின் கருந்துளை அடர்ந்த வாயுவுக்கும் தூசுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. கருந்துளைக்கு மிக அருகில், எக்ஸ் கதிர் நிறைந்த கொதிக்கும் மின்மம் (பிளாஸ்மா) சூழ்ந்திருக்கிறது. அங்கே புரோட்டான்கள் மோதி நியூட்ரினோவும் காமாவும் பிறந்தால், நியூட்ரினோ தடையின்றி வெளியேறும். காமா கதிர் அந்த ஒளி நெரிசலிலேயே சிக்கி, மெகா (பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்) அளவுக்குத் தேய்ந்த பிறகே வெளியே வரும். காமா கதிர் இல்லாமை, மூலத்தின் அடர்த்தியை அளந்து சொல்லும் அளவுகோலாக இங்கே மாறிவிடுகிறது. மெகா அளவில் வானை நோக்கும் கருவிகள் இன்று மிகக் குறைவு. நாசா 2027இல் ஏவத் திட்டமிட்டுள்ள கோசி செயற்கைக்கோள் அந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பக்கூடும்.

இதற்கு ஒத்திசைவான இன்னொரு கணக்கும் உண்டு. 10 முதல் 100 டெரா வரையிலான நியூட்ரினோக்கள் அனைத்தும் காமா கதிர் எளிதில் வெளியேறும் இடங்களிலேயே பிறந்திருந்தால், அவற்றோடு வந்திருக்க வேண்டிய காமா ஒளி, வானம் முழுவதிலும் ஃபெர்மி அளந்துள்ள பின்னணியை மீறிவிடும். எனவே மூலங்களில் கணிசமான பங்கு காமாவுக்குக் கதவடைத்தவையாகவே இருக்க வேண்டும்.

பிளேசார்களோ காமா வெடிப்புகளோ எல்லா நியூட்ரினோக்களுக்கும் காரணமாக இருக்க முடியாதா?

முடியாது என்றே தரவுகள் சொல்கின்றன. ஃபெர்மி பட்டியலிட்ட பிளேசார்களின் திசைகளையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில், பரவலாக வரும் நியூட்ரினோக்களில் அவற்றின் பங்கு 27 விழுக்காட்டை மீறாது என்று ஐஸ்கியூப் 2017இல் வரம்பிட்டது. தொலைதூரத்தில் திடீரென மின்னி மறையும் பேராற்றல் காமா ஒளிகளான காமா வெடிப்புகளின் பங்கு அதனினும் மிகச் சிறிது. 2022 அக்டோபர் 9 அன்று பதிவான, இதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிகப் பிரகாசமான வெடிப்பிலிருந்தும் ஒரு நியூட்ரினோகூடக் கிடைக்கவில்லை.

நமது பால்வெளியிலிருந்து?

வருகின்றன. 2023 ஜூனில் ஐஸ்கியூப், பத்தாண்டுத் தரவுகளை இயந்திரக் கற்றல் முறையால் சலித்தெடுத்து, பால்வெளியின் தளத்திலிருந்து வரும் நியூட்ரினோ ஒளிர்வை 4.5 சிக்மா வலிமையில் அறிவித்தது. அதே தளம் காமா கதிரில் பளிச்சென்று தெரிவது பல ஆண்டுகளாகவே அறிந்த செய்தி. தொலைவு குறைவு என்பதால் இங்கே வழியில் உள்ள சுவர் பெரும் தடையாக இல்லை. இரண்டும் ஒன்றாக வருகின்றன.

மத்தியதரைக் கடலில் பதிவான மிகப்பெரிய நியூட்ரினோவுக்கு இணை கிடைத்ததா?

2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலிக்கு அப்பால் 3,450 மீட்டர் ஆழத்தில் கட்டப்பட்டுவரும் கே.எம்.3நெட் நியூட்ரினோக் கருவியை, சுமார் 120 பீட்டா ஆற்றல் கொண்ட மியூவான் ஒன்று ஏறக்குறையக் கிடைமட்டமாகக் கடந்தது. அதை உண்டாக்கிய நியூட்ரினோவின் ஆற்றல் 220 பீட்டா அளவு என்று 2025 பிப்ரவரியில் வெளியான கட்டுரை மதிப்பிட்டது. திசைப் பிழை வட்டத்துக்குள் 17 பிளேசார்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தனித்துச் சுட்டும் அளவுக்கு வலுவான பொருத்தம் அமையவில்லை.

தேனியில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகமும் இதே வேலைக்கானதா?

அல்ல. பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்டது, வளிமண்டல நியூட்ரினோக்களின் வகைமாற்றத்தை அளப்பதற்கான இரும்புக் கருவி. தொலைதூர மூலங்களைத் தேடும் அளவுக்கான பருமன் அதற்கு இல்லை. ஆயினும் இந்தத் துறையோடு நம் நிலத்துக்கு உறவு உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயலின் ஆழத்தில்தான், 1965இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டு அது கிடைத்தது. ஊட்டியில் இயங்கும் கிரேப்ஸ்-3, வானிலிருந்து பொழியும் துகள் மழையைச் சுமார் 400 உணர்விகளால் அளக்கிறது. அதன் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி, மழையில் மியூவான் மிகுதியா குறைவா என்று பார்த்து, அதைக் கொண்டுவந்தது புரோட்டானா காமா கதிரா என்று பிரித்தறிய உதவுகிறது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி, மேஜிக் செய்வதைப் போன்ற நோக்குதலுக்கானது.

துறை சாராதவர்கள் இதைப் பின்தொடர முடியுமா?

முடியும். ஐஸ்கியூபின் எச்சரிக்கைகள் வெளியாகும் கணத்திலேயே பொதுவில் கிடைக்கின்றன. ஃபெர்மியின் தரவுகளும் யாரும் தரவிறக்கும்படி திறந்திருக்கின்றன. கணினியில் சற்றுப் பழக்கமுள்ள கல்லூரி மாணவர் ஒருவர், ஓர் எச்சரிக்கையின் திசையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தின் பதினைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட காமா வரலாற்றை வரைந்து பார்க்கலாம். பெரும்பாலான எச்சரிக்கைகளில் அந்த வரைபடம் தட்டையாகவே இருக்கும். அப்போது, எந்த அளவுக்கு மேல் காமா ஒளி இருந்திருந்தால் தன் கண்ணுக்குத் தப்பியிருக்காது என்று கணக்கிட்டு, அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும்.